இந்தக் கல் இங்கே எப்படி வந்தது?

(சென்னையில் நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அவையில் காசிக்குப் போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். கங்கையில் முழுக்கு, விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி, முன்னோர்களுக்குப் பிண்டம், நேரம் மிஞ்சினால் பட்டுப் புடவை. அதோடு கயாவுக்கு ஓர் ஓட்டம், பிரயாகையில் ஒரு முழுக்கு. சுற்றுலாக்காரர் அச்சடித்துத் தருகிற தாளில் கடைசி வரியில் சாரநாத் என்றும் போட்டிருக்கும். வண்டி ஒரு மணி நேரம் நிற்கும். எல்லாரும் இறங்கி, பெரிய ஸ்தூபியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். எதிரே ஒரு கட்டடம் இருக்கிறது. அதற்குள் போகிறவர்கள் குறைவு.

அந்தக் கட்டடத்தைப் பற்றியும், அதுபோல் இந்த நாட்டில் ரயிலேறிப் போனால் பார்க்கக்கூடிய வேறு சில கட்டடங்களைப் பற்றியும் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள். இந்தியாவின் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் அடுக்கிக்காட்டப் போவதில்லை. அதற்கு அரசாங்கமே புத்தகம் போட்டிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், ஒரு பொருளின் முன்னால் நின்று, இது இங்கே எப்படி வந்தது என்று கேட்பேன். யார் செய்தது, எந்த நூற்றாண்டு என்பதெல்லாம் பலகையில் இருக்கும். கிடைத்த இடத்திலிருந்து இந்தக் கூடம் வரைக்கும் அது வந்த வழி பெரும்பாலும் பலகையில் இருக்காது. அந்த வழியைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அதே கல் வேறு மாதிரி தெரியும். இன்றைக்கு நான் சொல்லப்போவது இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கு உதாரணம்.

சாரநாத்திலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் பையில் ஒரு ரூபாய் நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள சிங்கத் தலையின் மூலம் சாரநாத் அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் நிற்கிறது. ஏறக்குறைய ஏழடி உயரம். சுனார் மணற்கல். இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஏற்றிய மெருகு, விளக்கொளி பட்டால் இன்றைக்கும் ஈரம்போல மினுங்குகிறது. நாணயத்தில் மூன்று சிங்கம் தெரிகிறது. இங்கே சுற்றி நடந்தால் நான்காவது சிங்கத்தின் முகத்தைப் பார்க்கலாம். படத்திலேயே பார்த்துப் பழகிய நமக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி. சிங்கங்களின் காலடியில் உள்ள வட்டப் பட்டையில் யானை, காளை, குதிரை, சிங்கம் என நான்கு விலங்குகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு சக்கரம். நம் கொடியின் நடுவில் இருக்கிற சக்கரம் இதிலிருந்துதான் போனது. பட்டைக்குக் கீழே கவிழ்ந்த தாமரை ஒன்று உண்டு. 1950 ஜனவரி 26-இல் இதை அரசுச் சின்னமாக ஏற்றபோது அந்தத் தாமரையை விட்டுவிட்டார்கள். சிங்கங்களின் தலைக்கு மேலே ஒரு பெரிய கல் சக்கரமும் இருந்திருக்கிறது. அதன் உடைந்த துண்டுகள்தான் கிடைத்தன. ஆக, நாடு முழுக்க முத்திரையாகக் குத்தப்படுவது மேலும் கீழும் குறைந்த ஒரு வடிவம். அதன் முழு அளவு அங்கே போனால்தான் பிடிபடும்.

சரி, இது இங்கே எப்படி வந்தது? எங்கிருந்தும் வரவில்லை. அதுதான் சாரநாத்தின் சிறப்பு. 1904-05 பருவத்தில் ஒர்டல் என்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் அங்கே தோண்டினார். அசோகர் தூணின் அடிப்பகுதி நின்ற இடத்திலேயே கிடைத்தது. சிங்கத் தலை பக்கத்திலேயே புதைந்திருந்தது. அதற்கு முந்தின தலைமுறையாக இருந்தால் தலையை வண்டியில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்போது தொல்லியல் துறைத் தலைவராக இருந்தவர் ஜான் மார்ஷல். கிடைத்த பொருள் கிடைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்ற எண்ணம் அவர் காலத்தில் வலுப்பட்டது. அதன்படி 1910-இல் இந்த அருங்காட்சியகம் கட்டி முடிந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் இடஞ்சார்ந்த அருங்காட்சியகங்களில் இதுவே மூத்தது. தலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தோண்டிய வெளிக்குள் கொஞ்ச தூரம் நடந்தால், அது உட்கார்ந்திருந்த தூணின் முறிந்த அடிப்பகுதியைப் பார்க்கலாம். அதில் பிராமி எழுத்தில் அசோகரின் ஆணை இருக்கிறது. சங்கத்தில் பிளவு உண்டாக்குகிற பிக்குவுக்கும் பிக்குணிக்கும் வெள்ளாடை உடுத்தி, மடத்துக்கு வெளியே தங்கவைக்க வேண்டும் என்கிறது அது. அன்பும் அமைதியும் சொல்லும் ஆணையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு, அது ஒரு நிர்வாகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். எனக்கு அதனாலேயே அந்தத் தூணைப் பிடிக்கும். ஒரு பெரிய அமைப்பை நடத்துகிறவனின் கவலை அதில் தெரிகிறது.

அதே வெளியில் ஒரு வட்டமான செங்கல் அடித்தளம் மட்டும் இருக்கும். அது தர்மராஜிக ஸ்தூபி. 1794-இல் காசி அரசரிடம் திவானாக இருந்த ஜகத் சிங் என்பவரின் ஆட்கள், நகரத்தில் ஒரு சந்தை கட்டுவதற்காக அதைப் பெயர்த்துச் செங்கல்லை எடுத்துப் போனார்கள். உள்ளே ஒரு கல்பெட்டியும், அதற்குள் பச்சைநிறப் பேழையில் எலும்புத் துண்டுகளும் இருந்தன. எலும்புகளைக் கங்கையில் விட்டார்கள். செய்தவர்கள் அதை மரியாதையாகவே நினைத்திருப்பார்கள். பௌத்தம் அந்த ஊருக்கு எவ்வளவு அந்நியமாகிப் போயிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

சாரநாத்துக்கு ஒரு மணி நேரம் போதாது, அரை நாள் கொடுங்கள். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, அறம் போதிக்கும் புத்தர் சிலை ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பற்றி நான் பேசினால் இந்தக் கூட்டம் முடியாது. நீங்களே போய்ப் பாருங்கள்.

இடத்திலேயே நின்ற பொருளைப் பார்த்தோம். இனி இடம்பெயர்ந்த ஒன்று.

சென்னையிலிருந்து காசி வழியாகப் போகிற ரயில், ஜபல்பூர் தாண்டி சத்னா என்ற நிலையத்தில் நிற்கும். யாரும் இறங்க மாட்டோம். அதன் பக்கத்தில்தான் பார்ஹுத் என்ற ஊர். 1873-இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் அங்கே போனபோது பெரிய ஸ்தூபி ஏறக்குறைய மறைந்துபோயிருந்தது. சுற்றுவட்டார மக்கள் செங்கல்லையும் கல்லையும் வீடு கட்ட எடுத்துப் போயிருந்தார்கள். மிஞ்சிய கல்வேலியையும் ஒரு தோரண வாயிலையும் அவர் கல்கத்தாவுக்குக் கொண்டுபோக வழி செய்தார். இன்றைக்குப் பார்ஹுத்துக்குப் போனால் பார்க்க அதிகம் இல்லை. பெரும்பகுதி கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த அருங்காட்சியகம் 1814-இல் ஆசியச் சங்கத்தின் கட்டடத்தில் தொடங்கியது. நதேனியல் வாலிச் என்ற டென்மார்க்குக்காரத் தாவரவியலாளரின் முயற்சி. சௌரங்கியில் இப்போதுள்ள பெரிய வெள்ளைக் கட்டடம் 1878-இல் திறந்தது. வங்காளிகள் அதை ‘ஜாதுகர்’ என்பார்கள். விடுமுறை நாளில் போனால் கூட்டம் எகிப்து மம்மியைப் பார்க்க வரிசையில் நிற்கும். தடுக்க வேண்டாம், அவர்கள் அங்கேயே நிற்கட்டும். பார்ஹுத் கூடம் நமக்குக் காலியாகக் கிடைக்கும்.

சிவந்த கல். தூண்களிலும் குறுக்குக் கல்லிலும் வட்ட வட்டமாகச் சிற்பம். பார்ஹுத்தைப் போல் பேசுகிற சிற்பத் தொகுதி இந்தியாவில் வேறு இல்லை என்பது என் எண்ணம். பேசுகிறது என்றால் நிஜமாகவே பேசுகிறது. பல காட்சிகளுக்குப் பக்கத்தில் இது இன்ன கதை, இவர் இன்னார் என்று பிராமியில் பெயர் வெட்டியிருக்கிறது. இந்தத் தூணைக் கொடுத்தது இன்ன ஊர் இன்னார் என்று கொடையாளியின் பெயரும் உண்டு. அதில் பிக்குணிகள், சாதாரணப் பெண்கள் பெயரும் இருக்கும். இரண்டாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் விளக்கப் பலகை எழுதியவர்கள் அவர்கள். நம் காலத்து அருங்காட்சியகங்கள் பலவற்றில் ‘பெண் உருவம், கல், காலம் தெரியவில்லை’ என்று ஒரு துண்டுத்தாள் ஒட்டியிருக்கும். அந்த அலுவலர்களை ஒரு முறை பார்ஹுத் கூடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும்.

ஒரு வட்டத்தை மட்டும் சொல்கிறேன். அனாதபிண்டிகர் என்ற வணிகர் புத்தருக்காக ஒரு தோப்பை வாங்குகிறார். ஜேதன் என்ற இளவரசன், தரை முழுக்கக் காசு பரப்பினால் தருகிறேன் என்கிறான். சிற்பத்தில் மாட்டு வண்டி அவிழ்த்துவிடப்பட்டு நிற்கிறது. மாடுகள் படுத்திருக்கின்றன. ஆட்கள் சதுரச் சதுரமான காசுகளைத் தரையில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து முத்திரைக் காசு பெரும்பாலும் சதுரம்தான். புத்தர் எங்கே என்று தேடினால் கிடைக்க மாட்டார். பார்ஹுத்தில் எங்கும் அவருக்கு மனித உருவம் இல்லை. மரம், இருக்கை, பாதச்சுவடு, சக்கரம் இவைதான் அவர் இருப்பதைச் சொல்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்கத்தாவுக்குக் கொண்டுபோனது சரியா, தவறா? விட்டிருந்தால் மிச்சமும் வீட்டுச் சுவராகியிருக்கும். கொண்டுபோனதால் ஊருக்கும் கல்லுக்கும் இருந்த உறவு அறுந்தது. இரண்டும் உண்மை. நான் காப்பாற்றியவர் பக்கம் சாய்கிறேன். ஆனால் பார்ஹுத் மக்களிடம் போய் இதைச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

பாட்னா. இங்கே பிகார் அருங்காட்சியகம் என்று புதிதாக ஒன்று, 2017-இல் முழுமையாகத் திறந்தது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஃபுமிஹிகோ மாகியின் நிறுவனம் வடிவமைத்தது. நம் நாட்டு அரசுக் கட்டடங்களில் இத்தனை அமைதியான ஒன்றை நான் பார்த்ததில்லை. அங்கே பார்க்க வேண்டியது தீதார்கஞ்ச் யட்சி. சாமரம் ஏந்திய பெண். ஐந்தடிக்குச் சற்று மேலான உயரம். இடக்கை இல்லை, மூக்கு உடைந்திருக்கிறது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அடிவயிற்றின் மடிப்பும், இடுப்பில் வந்து விழும் மேகலையின் கனமும், உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நிற்கிற விதமும் கல்லில் எப்படி வந்தன என்று பின்னால் போய், பக்கத்தில் போய்ப் பார்க்கத் தோன்றும். 1917 அக்டோபரில் கங்கைக் கரையில் மண்ணிலிருந்து எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் உடனே பூசை போடத் தொடங்கிவிட்டார்கள். கையில் சாமரம் இருப்பதால் இது தெய்வமாக இருக்க முடியாது, பணிப்பெண்தான் என்று அதிகாரிகள் வாதாடி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். சாமரம் வீசுகிறவளைச் சாமி என்று கும்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றும். மௌரியர் காலம் என்பார்கள். மெருகை வைத்துச் சொல்வது. இன்னும் சில நூற்றாண்டு பின்னால் தள்ளுகிற அறிஞர்களும் இருக்கிறார்கள். பாட்னாவிலேயே பழைய அருங்காட்சியகத்தில் இருந்தவளைப் புதியதற்கு மாற்றியபோது ஊரில் மனத்தாங்கல் எழுந்தது. நூறாண்டு ஒரு வீட்டில் இருந்தவளை வேறு வீட்டுக்கு அனுப்பினால் வராமல் இருக்குமா?

மதுராவைக் கடந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிருஷ்ண ஜன்மபூமியைத் தரிசித்துவிட்டு, அரசு அருங்காட்சியகத்தில் தலையில்லாத கனிஷ்கனையும் பார்த்துவிட்டு வாருங்கள். 1911-இல் பக்கத்து ஊரான மாட் என்ற இடத்தில் கிடைத்தது. நீண்ட கோட்டு, கனமான பூட்ஸ், ஒரு கையில் வாள், இன்னொரு கையில் தண்டாயுதம். மத்திய ஆசியக் குளிருக்கான உடுப்போடு யமுனைக் கரை வெயிலில் நிற்கும் அரசன். தலை போனாலும் அதிகாரம் போகவில்லை.

டெல்லிக்கு வருவோம்.

தேசிய அருங்காட்சியகம் பிறந்த கதை சுவையானது. 1947-48 குளிர்காலத்தில் லண்டனில் இந்தியக் கலைப் பொருள்களின் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. நாடெங்கும் உள்ள அருங்காட்சியகங்களிலிருந்து வாங்கி அனுப்பியவை. திரும்பி வந்ததும் அவற்றை இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில் மக்களுக்குக் காட்டினார்கள். காட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. இங்கேயே தேசிய அருங்காட்சியகம் ஒன்று வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. 1949 ஆகஸ்ட் 15-இல் அதைத் தொடங்கிவைத்தவர் அப்போதைய கவர்னர் ஜெனரல், நம் ராஜாஜி. ஜன்பத் சாலைக் கட்டடத்துக்கு 1960-இல் மாறியது. இனி வடக்கு, தெற்கு பிளாக்குகளுக்கு மாற்றப்போவதாகத் திட்டம் இருக்கிறது. போவதற்கு முன் எது எங்கே என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கே எல்லாரும் தேடுவது மொகஞ்சதாரோவின் நடனப்பெண். பாடப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் பார்த்தவர்கள் ஆளுயரத்தில் எதிர்பார்த்துப் போவார்கள். அவள் பத்தரை சென்டிமீட்டர்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவாள். இடுப்பில் கை வைத்து, முகத்தைக் கொஞ்சம் தூக்கி, ‘என்ன பார்க்கிறாய்’ என்று கேட்கிற தோரணை. நடனமாடுகிறாள் என்று யார் சொன்னது? நிற்கிறாள், அவ்வளவுதான்.

நான் உங்களை அனுப்ப நினைப்பது அவளிடம் அல்ல. அதே அரப்பா கூடத்தில் இருக்கிற மணிமாலைகளிடம். 1947-இல் நாட்டைப் பிரித்தபோது மேசை நாற்காலி, நூலகப் புத்தகம் வரைக்கும் பங்கு போட்டார்கள். தொல்பொருளையும் போட்டார்கள். மொகஞ்சதாரோ போனது பாகிஸ்தானுக்கு. அங்கே தோண்டி எடுத்த பொருள் பலவும் இருந்தது டெல்லியில். நடனப்பெண் இங்கே தங்கினாள். பூசாரி அரசன் என்று சொல்லப்படும் தாடிக்காரர் இன்று கராச்சியில் இருக்கிறார். இதுவரையில் புரிகிறது. நகைகள் சிலவற்றில் என்ன செய்தார்கள் தெரியுமா? கோத்த மாலையை அவிழ்த்து, பாதி மணி உனக்கு, பாதி எனக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். சூதுபவள மணி கோத்த மேகலை ஒன்றும் அப்படிப் பாதியானது. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்ததை, படித்த மனிதர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து இரண்டாக்கினார்கள். இது இங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு இவ்வளவு கசப்பான பதில் வேறெந்தப் பொருளிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கசப்போடு அமிர்தசரஸுக்கு ரயிலேறுங்கள். பொற்கோயிலுக்குப் போகிற வழியிலேயே பழைய டவுன்ஹாலில் பிரிவினை அருங்காட்சியகம் இருக்கிறது. 2017-இல் திறந்தது. அரசர்களின் பொருள் எதுவும் அங்கே கிடையாது. அகதிகளாக வந்த குடும்பங்கள் கொடுத்த தகரப் பெட்டி, பாத்திரம், கடிதம், நிலப் பத்திரம். ஒரு புல்காரிப் பூவேலைக் கோட்டும் ஒரு தோல் கைப்பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிச்சயமான ஓர் ஆணும் பெண்ணும் கலவரத்தில் பிரிந்துபோனார்கள். இவள் எடுத்துவந்தது கோட்டு. அவன் எடுத்துவந்தது கைப்பெட்டி. அமிர்தசரஸ் அகதி முகாமில் மறுபடி சந்தித்து, பின்னர் மணம் செய்துகொண்டார்கள். நல்ல முடிவு கிடைத்த கதை என்பதால் அதைத் தைரியமாகச் சொல்கிறேன். மற்றக் கதைகளை அங்கே ஒலிப்பதிவில், அனுபவித்தவர்களின் குரலிலேயே கேட்கலாம். தமிழ்நாட்டில் இருக்கும் நமக்குப் பிரிவினை என்பது பாடத்தில் ஒரு பத்தி. அதனாலேயே நாம் போக வேண்டிய இடம் அது.

இனிக் கொஞ்சம் இலகுவாகப் பேசலாம். ஹைதராபாத்.

சாலார் ஜங் அருங்காட்சியகம் ஒரு தனிமனிதரின் பேராசை. மூன்றாம் சாலார் ஜங், மீர் யூசுப் அலி கான், இளவயதில் நிஜாமுக்குத் திவானாக இருந்து, இரண்டே ஆண்டில் விலகி, மீதி வாழ்நாளைப் பொருள் வாங்குவதில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1949-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். 1951-இல் அவருடைய மாளிகையிலேயே அருங்காட்சியகத்தை நேரு திறந்துவைத்தார். இப்போதுள்ள கட்டடத்துக்கு 1968-இல் வந்தது. இங்கே வெளியூர்ச் சரக்கு நிறைய. சீனப் பீங்கான், பிரெஞ்சு நாற்காலி, பாரசீகக் கம்பளம், அவருடைய பாட்டனார் 1876-இல் ரோமில் வாங்கிய ‘முக்காடிட்ட ரெபேக்கா’. பென்சோனி என்ற இத்தாலியர் செதுக்கியது. பளிங்கிலேயே மெல்லிய துணி முகத்தின்மேல் விழுந்திருப்பதுபோல் இருக்கும். கலை விமர்சகர்கள் இதை வித்தை என்று ஒதுக்குவார்கள். வித்தைதான். வித்தை பார்க்கக் காசு கொடுத்தவர்கள்தானே நாம்?

அங்கே ஒரு கடிகாரம் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் உள்ளிருந்து ஒரு குட்டி மனிதன் வந்து மணியை அடித்துவிட்டுப் போவான். அந்த ஒரு நிமிடத்துக்காக நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து காத்திருப்பார்கள். படித்தவர்கள் சிலர் இதைக் கேலி செய்து நான் கேட்டிருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவின் அருங்காட்சியகங்களில் ஒரு பொருளை மக்கள் அமைதியாக, கண்ணெடுக்காமல் பார்க்கிற இடம் அது ஒன்றுதான். அடித்து முடிந்ததும் கைதட்டல் வேறு.

அகமதாபாத்தில் இதற்கு நேர்மாறு. சாராபாய் குடும்பம் 1949-இல் தொடங்கிய காலிகோ துணி அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சின்னக் குழுவாகத்தான் விடுவார்கள். படம் எடுக்கக் கூடாது, பின்தங்கக் கூடாது, தொடவே கூடாது. பள்ளிக்கூடத்து வரிசையில் நிற்கிற பயம் வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் துணிக்கு வெளிச்சமே எமன், மனிதக் கை அதைவிட எமன். முகலாயக் கூடாரத் துணியும், படான் ஊர்ப் பட்டோலாவும், நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சாயத் துணியும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. துணியை எடுத்து உடம்பில் வைத்துப் பார்க்காமல் வாங்காத நம் பெண்கள் அங்கே கைகட்டி நின்று பார்ப்பது ஒரு தவம்.

அதே ஊரில் விஷாலா என்ற உணவகத்தை ஒட்டிப் பாத்திர அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பித்தளை, செம்பு, வெண்கலம். எவர்சில்வர் வந்ததும் வீடுகள் எடைக்குப் போட்டவற்றை ஒருவர் உருக்குவதற்கு முன் மீட்டு வைத்திருக்கிறார். அதைப் பார்க்கிற யாருக்கும் தங்கள் வீட்டில் போன அண்டாவும் குடமும் ஞாபகம் வரும். நாம் பழைய இரும்புக்காரரிடம் போட்டதும் இப்படித்தான்.

போபால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் நிற்கிற ஊர். இறங்கினால் இரண்டு இருக்கிறது. ஏரிக்கரைக் குன்றின்மேல் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம், இருநூறு ஏக்கர். நாட்டின் பல பழங்குடிகளின் வீடுகளை, அந்தந்த மக்களையே வரவழைத்துக் கட்டியிருக்கிறார்கள். நீலகிரித் தோடரின் வளைந்த குடிலும் அங்கே உண்டு. பக்கத்திலேயே 2013-இல் திறந்த மாநிலப் பழங்குடியினர் அருங்காட்சியகம். கோண்டு, பில், பைகா முதலிய மக்களின் கலைஞர்களே உள்ளே எல்லாவற்றையும் செய்தார்கள். கண்ணாடிப் பெட்டி கிடையாது. ஒரு கதைக்குள் நடப்பதுபோல் நடக்கலாம். அழகில் நான் பார்த்தவற்றில் இதற்கு முதலிடம் தருவேன். குறை ஒன்று உண்டு. அந்த மக்களின் காட்டையும் நிலத்தையும் அணைக்கட்டும் சுரங்கமும் கொண்டுபோனது பற்றி உள்ளே பேச்சே இல்லை. திருவிழாவை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருகிறோம்.

நடைமுறைக்கு இரண்டு வார்த்தை. விடுமுறை நாளைப் பார்த்துக்கொண்டு பயணச்சீட்டு எடுங்கள். சாரநாத்துக்கும் சாலார் ஜங்குக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லி, கல்கத்தா, பாட்னா திங்கள். காலிகோ புதன். இதைப் பார்க்காமல் போய்ப் பூட்டிய கதவைப் படம் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். காலையில், கால் ஓயாத நேரத்தில் போங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்தக் கண்ணும் பார்க்காது. எல்லாவற்றையும் பார்க்க முயன்றவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். குழந்தைகள் கையில் செல்போனுக்குப் பதிலாக ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒரு பொருளை வரையச் சொன்னால் கால் மணி நேரம் அதன் முன்னால் நிற்பார்கள். காவலர்களோடு பேசுங்கள். கூடத்துக்குக் கூடம் இருபது ஆண்டு நின்றவர்களுக்கு எந்தச் சிலை மேல் எப்போது வெயில் விழும் என்பது வரைக்கும் தெரியும், நாம் கேட்பதில்லை.

கடைசியாக நம் ஊர். வடக்கே இத்தனை ஊருக்கு அனுப்பிவிட்டு எழும்பூரைச் சொல்லாமல் போனால் பாவம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம். முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் புலி, சிறுத்தை என்று உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்திருந்தார். பிறகு அவை தனியே போயின. சென்னையின் பழைய ஆட்கள் விலங்குக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும், இதை ‘செத்த காலேஜ்’ என்றும் சொன்னது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

எழும்பூர் என்றால் செப்புத் திருமேனிகள் என்போம். அவற்றிடமும் என் கேள்வியைக் கேட்கலாம். மண்ணிலிருந்து கிடைக்கும் புதையல் அரசுக்கு என்ற 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தவை பல. திருவெண்காட்டில் கிடைத்தவற்றில் அர்த்தநாரி எழும்பூரில், ரிஷபவாகனர் தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில். ஒரே ஊர், இரண்டு கூடம்.

எனக்கு அங்கே முதலிடம் அமராவதிக் கூடம். கிருஷ்ணா நதிக்கரையில் சாதவாகனர் காலத்தில் ஓங்கி நின்ற ஸ்தூபி அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் ஜமீன்தார் புது ஊர் கட்டக் கல் எடுத்தபோதுதான் வெளியே தெரிந்தது. நில அளவையாளர் காலின் மெக்கென்சி போய்ப் பார்த்து வரைபடம் எடுக்க ஏற்பாடு செய்தார். 1845-இல் கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டிப் பல கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை இங்கே ஆண்டுக்கணக்கில் வெட்டவெளியில் வெயிலும் மழையும் பட்டுக் கிடந்தன. 1859-இல் கப்பலேறி லண்டன் போயின. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் தனிக் கூடத்தில் இருக்கின்றன. பின்னால் தோண்டியவர்கள் எடுத்ததுதான் நமக்கு வாய்த்தது. அதையும் சுவரில் வைத்துப் பூசினார்கள்; சுண்ணாம்புக் கல்லுக்கு அது ஆகாது. கொஞ்சம் கல் அமராவதியிலேயே சின்ன அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு ஸ்தூபியைப் பார்க்க இன்று குறைந்தது மூன்று ஊருக்குப் போக வேண்டும். அதில் ஒன்றுக்கு விசா வேண்டும்.

நமக்கு வாய்த்ததில் ஒரு வட்டக் கல் உண்டு. மதம் பிடித்த நளகிரி யானையைப் புத்தர்மேல் ஏவிவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் இரண்டு நேரம். இடப்பக்கம் யானை தெருவில் பாய்கிறது, ஒருவனை மிதிக்கிறது, ஜனங்கள் சிதறுகிறார்கள், ஒரு பெண் பயத்தில் பக்கத்திலிருப்பவனைப் பற்றிக்கொள்கிறாள். மாடிச் சன்னல்களில் தலைகள். வலப்பக்கம் அதே யானை மண்டியிட்டுக் குனிகிறது. எதிரே புத்தர் நிற்கிறார், மனித உருவத்தில். பார்ஹுத்தில் தேடியும் கிடைக்காதவர் இங்கே வந்துவிட்டார். நடுவில் ஓடியது ஏறக்குறைய முந்நூறு ஆண்டு. கல்கத்தா வட்டத்தையும் எழும்பூர் வட்டத்தையும் பார்த்தவருக்கு அந்த மாற்றத்தை விளக்கப் புத்தகம் தேவையில்லை.

கல்கத்தாவுக்கு எப்போது போவீர்களோ தெரியாது. எழும்பூருக்குப் பேருந்திலேயே போகலாம். இன்று வியாழன். நாளை அங்கே விடுமுறை. சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் திறக்கிறார்கள். போய் அந்த யானையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.